இல்லத்துக் காட்சியரங்கு

மாந்தர்க்கு அறிவு புகும் வாயில்கள் ஐந்தனுள்ளும் கண்ணும் செவியுமே தலைமை வாய்ந்தன என்பது யாவரும் உடன்படும் உண்மை. இவ்விரு வாயில்கட்கும் ஒருங்கே விருந்தளிப்பது காட்சிக்கலை. முன்னாளில் அவ்விருந்தினை நாடிக் கூத்துக் களத்திற்கும், பின்னாளில் படக்கொட்டகைக்கும் சென்ற மக்கள், இந்நாளில் அதனைத் தம் இல்லத்திற்கே வருவித்துக் கொள்கின்றனர். பெரிய திரையுடைய தொலைக்காட்சிப் பெட்டியும், சூழ நின்று ஒலிக்கும் ஒலிபெருக்கிகளும் அமைந்த அறையினை ஹோம் தியேட்டர் என்று வழங்குவர். அவ்வரங்கினை முறைப்பட அமைக்குமாற்றையும், திரையிற் காணும் படத்தைத் திருத்துமாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

தொலைக்காட்சியின் வரலாறு நெடியதன்று. ஜான் லோகி பேர்டு என்பார் 1926ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் லண்டன் மாநகரில் அறிஞர் சிலர்க்குக் காட்டிய படம் முப்பதே வரிகளால் ஆயது. பத்தாண்டு கழித்து, 1936இல், அந்நகரில் தொடங்கிய ஒளிபரப்பில் வரிகள் 405 ஆக உயர்ந்தன. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியிலும், 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையிலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982இல் வண்ணம் வந்தது. இன்று கடைகளில் விற்கும் 4கே என்னும் வகைப் பெட்டியிலோ, குறுக்கே 3,840உம் நெடுக்கே 2,160உம் ஆகப் படப்புள்ளிகள் 82,94,400 உள்ளன.

கருவி இத்துணை வளர்ந்தும், பல இல்லங்களிற் காணும் படம் நல்லதாய் இருத்தல் அரிது. மாநிறத்தார் முகம் செங்கல் நிறமாகவோ வெளிறியோ தோன்றுகின்றது. இரவுக் காட்சி சாம்பற் புகைபோல் மங்குகின்றது. வீட்டிலுள்ள முதியோர், நடிகர் பேசும் சொல் விளங்காது, அருகிருப்பாரை வினவி வினவி இறுதியில் எழுந்து போய்விடுகின்றனர். வீட்டுத் தலைவரோ பழியெல்லாம் பெட்டியின் மேலேற்றி, கடன் பட்டேனும் அதனினும் பெரியதொன்றை வாங்குகின்றார். பழைய குறைகள் புதிய பெட்டியோடும் தொடர்ந்து வருகின்றன. காரணம் யாதெனின், குறையிற் பெரும்பகுதி பெட்டியில் இல்லை. அது வைக்கப்பெற்ற அறையிலும், அமர்ந்து காணும் இடத்திலும், பெட்டியைத் திருத்திய முறையிலும், ஒலியின் அமைப்பிலுமே உள்ளது என்க. இவற்றைச் செப்பஞ் செய்தற்கு வேண்டுவது பொருளன்று; சிறிது அறிவும் ஒரு மாலைப்பொழுதுமே. விளக்கத்தின் பொருட்டு, 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையினையும், அதன்கண் வைத்த 55 அங்குலப் பெட்டியினையும் சான்றாகக் கொள்வாம்.

1. அறையும் ஒளியும்

திரையின் கண்ணாடி, படத்தைக் காட்டுவதோடு எதிரிலுள்ள பொருள்களையும் கண்ணாடி போலவே காட்டுவது. ஆதலின் முதற்கண் செய்யற்பாலது இஃது: பகற்பொழுதில் பெட்டியை அணைத்துவிட்டு, வழக்கமாக அமரும் இருக்கையில் அமர்ந்து கரிய திரையை உற்று நோக்குக. சன்னலோ, குழல் விளக்கோ, வெள்ளைச் சுவரோ அதனுள் தெரியுமாயின், அதுவே நாடோறும் நும் படத்தைக் கெடுக்கும் பகை. திரையைச் சன்னலுக்கு எதிரே வையாது, சன்னல் பக்கவாட்டில் நிற்குமாறு வைத்தல் வேண்டும். அதற்கு இடமில்லையேல் கனத்த திரைச்சீலை தொங்கவிடுக.

இருட்டறையிற் காண்டலே சிறந்ததோ எனின், கொட்டகைக்கு அது பொருந்தும். இல்லத்தில் முழு இருள் கண்ணுக்குச் சோர்வு தரும். பெட்டியின் பின்புறம், காண்பார் கண்ணிற் படாதவாறு, வெண்ணிறச் சிறு விளக்கொன்றை வைத்துச் சுவரில் மெல்லொளி பரவச் செய்தல் நன்று. இதனாற் கண் இளைப்பாறுவதோடு, திரையின் கருமையும் மிக்க கருமையாய்த் தோன்றும்.

இஃது எங்ஙனம் என்பதற்கு ஒரு வரலாறு கூறுவாம். பிரான்சு தேயத்தில் கோபெலின் என்னும் பெயர் பெற்ற நெசவுச்சாலையில் செவ்ரூல் என்னும் இரசாயன அறிஞர் சாயப்பகுதியின் தலைவராய் இருந்தார். கருஞ்சாயம் போதிய கருமையுடையதாய் இல்லை என்று ஆங்கு முறையீடு எழுந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்திற் குற்றமில்லை எனவும், கருநூலின் அருகே நெய்யப்பெற்ற பிற நிறங்களே அதனை வேறுபடக் காட்டின எனவும் கண்டார். அவ்வாராய்ச்சியை 1839ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார். ஒரு நிறத்தின் தோற்றம் அதன் அண்டை நிறத்தைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். நம் வீடுகளில் பெட்டியின் பின்சுவருக்குக் கிளிப்பச்சையும் இளஞ்சிவப்பும் பூசும் வழக்கம் உண்டு. பச்சைச் சுவரின் முன் தோன்றும் முகம் தன் இயல்பினும் சிவந்தே தோன்றும். ஆகவே அச்சுவர் ஒன்றற்கேனும் சாம்பல் நிறமோ மங்கிய வெண்மையோ பூசுதல் தக்கது.

2. தொலைவும் உயரமும்

எத்துணைத் தொலைவிலிருந்து காண்டல் வேண்டும் என்பது பலரும் வினவும் வினா. இதற்குக் கணிதமே விடை கூறும். திரையின் அகலம் கண்ணில் ஏறத்தாழ 30 பாகைக் கோணம் பிடித்தல் வேண்டும் என்பது துறைவல்லார் கொள்கை. கொட்டகை போன்ற நிறைவை விரும்புவார் 40 பாகை வரை செல்லலாம். 55 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. அதன் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர், உயரம் 68½ சென்டிமீட்டர். 30 பாகைக்கு உரிய தொலைவு 2¼ மீட்டர். 40 பாகைக்கு 1 மீட்டரும் 67 சென்டிமீட்டரும் ஆம்.

இன்னுமொரு கணக்கும் உண்டு. நற்பார்வை உடையார் கண் பிரித்தறியும் மிகச் சிறு கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு. 1,080 வரிகளையுடைய எச்.டி. படத்தின் புள்ளிகள், மேற்கூறிய திரையில், 2 மீட்டர் 18 சென்டிமீட்டருக்கு அப்பால் அமர்ந்தார்க்குத் தனித்தனியே தெரியா. அதற்கும் அப்பால் அமர்வார்க்கு 4கே பெட்டியின் மிகைப்புள்ளிகளால் வரும் பயன் மிகச் சிறிது. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையின் கடைக்கோடியில் இருக்கையை இட்டுவிட்டு, புள்ளிகளின் எண்ணிக்கைக்காக மிகுபொருள் ஈவார், பொடியெழுத்துப் புத்தகத்தைத் தெருவின் மறுபுறத்தே வைத்துப் படிப்பாரை ஒப்பர். இருக்கையை முன்னே நகர்த்துதற்குச் செலவு ஒன்றுமில்லை அன்றோ?

உயரத்திலும் கருத்து வேண்டும். தெய்வப் படமும் நாட்காட்டியும் மாட்டுமாறு போலப் பெட்டியைச் சுவரின் உச்சியில் மாட்டுதல் பிழை. அண்ணாந்து காண்பார்க்குக் கழுத்து நோவும். பல பெட்டிகளில் கீழிருந்து காணும் படம் நிறமும் மாறும். அமர்ந்தார் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் ஆதலின், திரையின் நடுப்பகுதி அம்மட்டத்தில் நிற்பின் அமையும். அதாவது நம் சான்றுப் பெட்டியின் கீழ்விளிம்பு தரைக்கு 70 சென்டிமீட்டர் மேலே நிற்றல் வேண்டும்.

3. படத்தைத் திருத்தும் முறை

கடையில் பெட்டிகள் வரிசையாய், பேரொளி விளக்குகளின் கீழ் நிற்கின்றன. வாங்குவார் கண் அவற்றுள் மிகப் பளிச்சிடுவதையும், வெண்மை சற்றே நீலம் பாய்ந்ததையுமே நாடும். இதனை அறிந்து, விவிட் முதலிய பெயர்களால் மிகையொளியும் மிகைநிறமும் கொண்ட ஓர் அமைப்பினைப் பெட்டியில் வைத்துள்ளனர். கடைக்கு ஏற்ற அவ்வமைப்பு வீட்டிற்கு ஏற்றதன்று. ரிமோட்டினால் பட அமைப்புப் பட்டியலைத் திறந்து, சினிமா அல்லது பிலிம்மேக்கர் என்னும் அமைப்பினைத் தேர்க. பின்னது, இயக்குநர் படைத்த வண்ணமே படம் தோன்றல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு, 2019இல் அறிவிக்கப்பெற்றது. மார்ட்டின் ஸ்கார்செசி, கிறிஸ்டபர் நோலன் முதலிய இயக்குநர் அதனை ஆதரித்தனர்.

இங்ஙனம் மாற்றியவுடன் படம் மஞ்சள் படர்ந்தது போலத் தோன்றும், அஞ்சற்க. படம் ஆக்குவார் வெண்மைக்குக் கொண்ட அளவுகோல் பகலொளியை ஒத்த 6,500 கெல்வின் என்பது. நாம் இதுகாறும் பழகியது அதனினும் நீலம் மிக்க பொய்வெண்மை. சில நாள் அவ்வாறே விட்டுவைப்பின் கண் மெய்வெண்மைக்குப் பழகும். பின்னர்ப் பழைய அமைப்பினை மீட்டும் கண்டால், அதன் நீலமே கண்ணை உறுத்தும்.

அடுத்து, ஒவ்வொரு திருகாக நோக்குவாம்.

பிரைட்னஸ் என்பது பெயரளவில் ஒளியைக் குறிப்பினும், செயலளவில் கருமையை ஆள்வது. சில பெட்டிகளில் இப்பெயர் பின்னொளியைக் குறிக்கும். அவற்றுள் பிளாக் லெவல் என்பதே கருமைக்குரிய திருகு. இரவில், கருங்கோட்டு அணிந்தார் ஒருவரோ கருங்கூந்தலோ தோன்றும் காட்சியை நிறுத்தி வைத்துக்கொள்க. கருமை சாம்பலாக மாறும் வரை ஏற்றி, பின்னர் மெல்லக் குறைக்க. கருமை கருமையாயும், அதேபொழுதில் கோட்டின் மடிப்பும் கூந்தலின் இழையும் மறையாமலும் நிற்கும் நிலையே சரியான நிலை.

கான்ட்ராஸ்ட் என்பது வெண்மையை ஆள்வது. வெள்ளை வேட்டியோ வெண்முகிலோ உள்ள காட்சியை நிறுத்துக. மிக ஏற்றின் வேட்டியின் மடிப்புக்கள் மறைந்து, சுண்ணாம்புத் திட்டே எஞ்சும். மடிப்புக்கள் தெரியும் வரை குறைத்து நிறுத்துக. இவ்விரு திருகும் ஒன்றையொன்று தொடுவன ஆதலின், ஒன்றைத் திருத்தியபின் மற்றொன்றை மீட்டும் நோக்குதல் வேண்டும்.

நிறத்தின் அளவினை மனிதர் முகத்தால் அறிக. ஒருவர் முகத்தை மட்டும் கொண்டு திருத்துதல் தகாது. கருநிறத்தார், மாநிறத்தார், வெண்ணிறத்தார் எனப் பலர் கூடிய காட்சியில், ஒவ்வொருவரும் தத்தம் நிறத்தோடு வேறுவேறாய்த் தோன்றுகின்றனரா என்று காண்க. நிறம் மிகைப்பட்டால் எல்லா முகமும் ஒரே செந்நிறமாம். நம்மனோர் மேனிநிறத்தை நமக்கே பொய்யாய்க் காட்டும் கருவி, எத்துணைப் பளபளப்பினும் நல்ல கருவியாகாது.

ஷார்ப்னஸ் என்பது கூர்மையைத் தருவது என்று பலர் மயங்குவர். படத்தில் இல்லாத கூர்மையை அது தருதல் இயலாது. பொருள்களின் விளிம்பில் வெண்கோடு வரைந்து கூர்மை போலக் காட்டும். செய்தி நேரத்தில் திரையின் அடியில் ஓடும் எழுத்துக்களை அணுகி நோக்கின், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளிய நிழல் புலனாகும். அந்நிழல் மறையும் வரை குறைக்க.

இயக்கச் சீரமைப்பு என ஒன்றுண்டு. திரைப்படம் நொடிக்கு 24 படமாக எடுக்கப்படுவது. பெட்டியோ, அப்படங்களின் இடையிடையே தானே புதுப்படங்களைக் கற்பித்துச் செருகி, அசைவை வழுவழுப்பாக்குகின்றது. கிரிக்கெட்டுப் பந்தின் ஓட்டத்திற்கு அது உதவுதல் கூடும். திரைப்படத்திற்கோ அதன் இயல்பான நடையையே கெடுத்து, நாடக மேடையை வீடியோவில் பிடித்தது போல ஆக்கிவிடும். ஆதலின் படம் பார்க்கும்போது அதனை நிறுத்துக.

இறுதியாக, படத்தின் ஓரங்களைப் பெட்டி வெட்டுகின்றதா என்று காண்க. பழைய குழாய்ப்பெட்டிகளில் ஓரம் ஒழுங்காய் அமையாமையின், படத்தைச் சற்றே பெருக்கி ஓரத்தைச் சட்டத்திற்குள் மறைத்தனர். அத்தேவை ஒழிந்தும் வழக்கம் ஒழியவில்லை. சில பெட்டிகள் இன்றும் அவ்வாறே பெருக்குதலால், புள்ளிக்குப் புள்ளி பொருந்தாது படம் மங்குகின்றது. அப்பெருக்கத்தை நிறுத்துக. எச்.டி.ஆர். வகைப் படங்களுக்குப் பெட்டி தனி அமைப்பினைக் கொள்ளும் ஆதலின், அத்தகைய படம் ஓடும்போதும் ஒருமுறை இவ்வனைத்தையும் சரிபார்த்தல் கடன்.

4. பெட்டிக்கு வந்து சேரும் படம்

நிலம் எத்துணை வளமுடைத்தாயினும் பதர் விதைத்தால் நெல் விளையாது. 4கே படம் ஒன்றற்குப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் 24 பிட்டு வீதம், நொடிக்கு 25 படம் எனக் கணக்கிடின், நொடிதோறும் ஏறத்தாழ 498 கோடிப் பிட்டுக்கள் வேண்டும். இணையத்தின் வழி வருவது நொடிக்கு 2 கோடி எனக் கொண்டால், அது 250இல் ஒரு பங்கே ஆகும். இங்ஙனம் சுருக்குதற்கு அடிப்படையான கணித முறை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது என்பார் நடராஜன், ராவ் என்னும் இருவரோடு சேர்ந்து 1974இல் வெளியிட்டதாகும். கண் எளிதில் உணராத நுண்கூறுகளை விடுத்து, உணர்வனவற்றை மட்டும் அனுப்புதலே அதன் சூழ்ச்சி. சுருக்கம் அளவு கடப்பின், புகையிலும் நீரிலும் சிறு சிறு கட்டங்கள் தோன்றும். அப்போது பெட்டியைப் பழித்துப் பயனில்லை. இணைய வேகத்தையும், பெற்ற சேவையின் வகையையும் நோக்குக.

கம்பியைப் பற்றி ஒரு சொல். எச்.டி.எம்.ஐ. கம்பியில் செல்வது எண்வடிவச் செய்தி. வேண்டிய வேகத்தைத் தாங்கும் தகுதி கம்பிக்கு இருப்பின், செய்தி பழுதின்றிச் சேரும். தகுதியில்லையேல் படம் விட்டுவிட்டு மின்னும், அன்றி முற்றும் மறையும். பொன்முலாம் பூசிய பெருவிலைக் கம்பியால் நிறம் மிகுதலும் கூர்மை மிகுதலும் இல்லை.

5. ஒலியின் அமைப்பு

இந்நாளைப் பெட்டிகள் மெல்லியன. அவற்றுள் அடங்கும் ஒலிபெருக்கி சிறியது. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ நிற்பது. அதன் ஒலி சுவரிலும் மேசையிலும் மோதிச் சிதறிய பின்னரே நம் செவிக்கு வருதலின், இசை கேட்பினும் சொல் விளங்குவதில்லை. முதியோர் எழுந்து போதற்கு முதற்காரணம் இதுவே.

இடமும் வலமும் ஒலிபெருக்கி நிறுத்தி, ஒலிக்கு இடந்தரும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியியலார் 1931இல் உரிமை கோரினார். இன்று பரவலாய் வழங்கும் 5.1 என்னும் முறையில் ஒலிபெருக்கிகள் ஆறு. முன்னே இடத்திலும் வலத்திலும் நிற்பவை, நேர் நோக்கிலிருந்து 30 பாகை விலகி நிற்றல் வேண்டும். பின்னிரண்டும் காண்பார் காதின் பக்கத்தே சற்றுப் பின்தள்ளி, 100 முதல் 120 பாகைக்குள் நிற்க வேண்டும். நடுவே, திரையின் அடியில் நிற்பதே பேச்சுக்கு உரியது. அதனை அலமாரியின் உள்ளே தள்ளி வையாது, விளிம்போடு ஒட்ட வைத்து, காண்பார் முகத்தை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வைக்க. பேச்சு விளங்காவிடின் முழு ஒலியையும் உயர்த்தி அண்டை வீட்டாரை வருத்தற்க. நடு ஒலிபெருக்கி ஒன்றை மட்டும் உயர்த்துக.

ஒலி ஒரு மீட்டர் கடத்தற்கு ஏறத்தாழ ஓர் நொடியின் ஆயிரத்தில் மூன்று கூறு ஆகும். ஆகவே ஒவ்வோர் ஒலிபெருக்கியும் இருக்கையிலிருந்து எத்துணைத் தொலைவு என்பதை நாடாவால் அளந்து, ஒலிக்கருவியிற் பதிவு செய்தல் வேண்டும். அண்மையிலுள்ளதைக் கருவி தாமதித்து ஒலிப்பிக்கும்.

ஆறாவதாகிய சப்-ஊஃபர் ஆழ்ந்த ஒலிக்கு உரியது. 80 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேற்பட்டது ஆதலின், அது வருந்திசையைச் செவி அறியாது, எங்கும் வைக்கலாம். ஆயினும் அறையின் சில இடங்களில் அவ்வொலி பெருகியும் சில இடங்களில் மறைந்தும் நிற்கும். நல்லிடம் காணும் எளிய வழி: சப்-ஊஃபரை நீர் அமரும் இருக்கையின்மேல் வைத்து, தாழ்ந்த இசையொன்றை ஒலிப்பித்து, சுவரோரமாய்க் குனிந்து நடந்து செவி கொடுக்க. எவ்விடத்தில் ஒலி தெளிவாயும் சமமாயும் கேட்கின்றதோ, அவ்விடமே அதற்கு உரிய இடம்.

ஆறும் வாங்க இயலாதார் வருந்தற்க. சவுண்ட்பார் ஒன்று பேச்சின் தெளிவைப் பெரிதும் மீட்கும். அதுவும் இயலாதாயின், ஆறு வழி ஒலியைத் தவிர்த்து ஸ்டீரியோ ஒலியைத் தேர்ந்து, பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இருப்பின் அதனையும் இயக்குக. செவி மந்தமானார் பொருட்டு வசன எழுத்தினை இடுதலும் நன்று.

6. எதிரொலியை அடக்குதல்

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு கல்லூரியில் 1895ஆம் ஆண்டு புதிதாய் எழுந்த சொற்பொழிவு மண்டபம் ஒன்றில், ஆசிரியர் பேசும் சொல் மாணவர்க்கு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்து நொடிக்கு மேலும் ஒலித்து நின்று, அடுத்த சொற்களோடு கலந்தது. இதனைத் திருத்தும் பணி வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரைச் சார்ந்தது. அவர் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பரப்பி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கின்றது என அளந்தார். அவ்வளவையினின்று பிறந்ததே கட்டடங்களின் ஒலிநூல். அறையின் கனத்தை 0.161 ஆற் பெருக்கி, ஒலியை விழுங்கும் பரப்பினால் வகுக்க, எதிரொலி நிற்கும் நொடி கிடைக்கும்.

நம் சான்றறையின் கனம் 60 கன மீட்டர். சுவர், தரை, கூரையின் பரப்பு 94 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் ஓடு பாவிய தரையும் நூற்றில் மூன்று கூறு ஒலியையே விழுங்குவன எனக் கொள்ளின், வெற்றறையில் எதிரொலி ஏறத்தாழ 3½ நொடி நிற்கும். அதன்கண் கனத்த திரைச்சீலையும், தரைவிரிப்பும், மெத்தையிட்ட இருக்கைகளும் இட்டால், அது ஒரு நொடி அளவிற்குக் குறையும். புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் ஒலியைச் சிதறடித்து உதவும். பெருவிலை ஒலிபெருக்கியை வெற்றறையில் வைத்தலினும், எளிய ஒலிபெருக்கியை விரிப்பிட்ட அறையில் வைத்தல் மேல்.

7. காப்பு

பெட்டியை இணைக்கும் மின்வாயிலுக்கு நில இணைப்பு உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு அறிக. இடி மின்னற் காலத்தில் மின்கம்பியோடு, மாடியிலிருந்து இறங்கும் ஆன்டெனா அல்லது டிஷ் கம்பியையும் கழற்றுதல் வேண்டும். பலர் முன்னதைக் கழற்றிப் பின்னதை மறப்பர். திரையை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்க; ஸ்பிரிட்டும் சோப்பு நீரும் மேற்பூச்சைக் கெடுக்கும். ஓ.எல்.இ.டி. வகைத் திரையில் அசையாத உருவம் பல மணி நேரம் நிற்பின் தழும்பு படுதல் கூடும் ஆதலின், வாளா ஓடவிடுதல் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நற்படத்திற்கும் நல்லொலிக்கும் செல்லும் வழி கடையின் வழியே மட்டும் இல்லை என்பது பெறப்பட்டது. திரைச்சீலையை இழுத்தல், இருக்கையை முன்னே நகர்த்தல், கடைக்குரிய அமைப்பை மாற்றல், மிகைத் திருகுகளைக் குறைத்தல், தரையில் விரிப்பிடல் ஆகிய இவையெல்லாம் எளியோர்க்கும் கைகூடுவன. இவற்றை முதலிற் செய்து, அதன்பின்னும் குறை எஞ்சுமாயின், அப்போது புதிய கருவியைப் பற்றி எண்ணலாம். எது குறை என்பதும் அப்போது தெளிவாய்த் தெரியும்.

கல்லூரி நண்பர்களே! கோணமும் அலைநீளமும் எதிரொலியும் தேர்வுத்தாளோடு ஒழிவன அல்ல. வரும் விடுமுறையில் ஓர் அளவு நாடாவோடு நும் இல்லத்து அறையினுள் புகுக; ஈண்டுக் கூறிய கணக்குகளை நும் அறைக்கு இட்டுப் பார்க்க. திருத்தியபின் நும் பாட்டியாரை அழைத்து அமர்த்தி, அவர் விரும்பும் பழம்படம் ஒன்றை இடுக. நும்மை ஒரு சொல்லும் வினவாது அவர் அதனை இறுதிவரை இருந்து காண்பாராயின், நும் கணக்குச் சரியாயிற்று எனக் கொள்க.